உண்ணிச்செடி காட்டைப் பிடித்த கதை: பிலிகிரிரங்கன் மலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

சத்தியமங்கலத்தில் பஸ் ஏறி, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, ஆசனூர் வழியாகச் சாம்ராஜ்நகர் போனவர்கள் யாரும் இந்தச் செடியைப் பார்க்காமல் போயிருக்க முடியாது. சாலையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும். நடுவில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்புமாகச் சின்னச் சின்னப் பூங்கொத்து. இலையைக் கசக்கினால் ஒரு நெடி. உண்ணிச்செடி. ஊர்ப்பக்கம் பிள்ளைகள் இதன் கறுத்த பழத்தைப் பறித்துத் தின்பதும் உண்டு. காய் விஷம், பழுத்தால் பரவாயில்லை என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருப்பார்கள்.

அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். இது நம் மண்ணின் செடி இல்லை. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போய், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கையால் அழகுச் செடியாக இந்தியாவுக்கு வந்தது. தோட்ட வேலியில் இருந்த ஒன்று புலி உலவும் காட்டுக்குள் எப்படிப் போனது? போனதோடு நிற்காமல், அடிக்காட்டையே தன்னுடையதாக எப்படி ஆக்கிக்கொண்டது? இதற்கு விடை தேடியவர்களில் நிதானமாகவும் நேர்மையாகவும் தேடியவர்கள் அந்தச் சாலைக்கு வடக்கே, மாநில எல்லையைத் தாண்டியதும் வரும் பிலிகிரிரங்கன் மலையில் வேலை செய்தார்கள். அந்த ஆய்வைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

இடம்

பிலிகிரிரங்கன் மலை கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர் மாவட்டத்தில் இருக்கிறது. பக்கத்துக் கொள்ளேகால் தாலுகா 1956 வரை நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கை கோக்கிற இடம் இது. சரணாலயப் பரப்பு சுமார் 540 சதுர கிலோமீட்டர். அடிவாரம் 600 மீட்டர் உயரத்தில் முள்காடாகத் தொடங்கும். ஏற ஏற வெக்காலி, மருது, வேங்கை நிற்கும் இலையுதிர் காடு. இன்னும் மேலே பசுமைமாறாக் காடு, உச்சியில் சோலையும் புல்வெளியும். ஒரே நாளில் நடந்து நான்கைந்து வகைக் காடுகளைப் பார்த்துவிடலாம். ஒரு அயல் செடி எந்தக் காட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்று ஒப்பிட இதைவிட வசதியான இடம் கிடைப்பது கடினம்.

இது சோளகர்களின் மலை. சத்தியமங்கலம், பர்கூர்ப் பக்கம் இருக்கும் சோளகர்களின் அதே சொந்தபந்தம். தேன், நெல்லி, கல்பாசி, கிழங்கு என்று காட்டை நம்பி வாழ்ந்தவர்கள். அவர்களுடைய ஊர்களைப் போடு என்பார்கள். 1974ல் சரணாலயமாக அறிவித்த பிறகு காட்டெரிப்பு வேளாண்மையும் வேட்டையும் நின்றன. சோளகர்கள் குறிப்பிட்ட இடங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். காட்டில் தீ வைப்பது குற்றமானது. இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எண்ணிப் பார்த்தது

பெங்களூரைச் சேர்ந்த ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தார் 1997ல் இந்த மலை முழுக்க, முள்காட்டிலிருந்து சோலை வரை, அளந்து குறித்த 134 நிலத்துண்டுகளில் இருந்த செடி, மரங்களை எண்ணினார்கள். அன்றைக்கு அவர்களுடைய அக்கறை காட்டு மரங்கள் எப்படி இருக்கின்றன என்பதில்தான். உண்ணியும் கணக்கில் வந்தது. பதினொரு வருடம் கழித்து, 2008ல், பரத் சுந்தரம், அங்கிலா ஹிரேமத் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதே துண்டுகளுக்குத் திரும்பிப் போய் மறுபடி எண்ண ஏற்பாடு செய்தார்கள்.

கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் பாடு தெரியும். இளந்தண்டு உருண்டையாக இருக்காது, சதுரமாக இருக்கும். நான்கு விளிம்பிலும் பின்பக்கமாக வளைந்த முள். உள்ளே போகும்போது தடவிக்கொடுத்து அனுப்பும், திரும்பும்போது சட்டையைப் பிடித்துக்கொள்ளும். புதருக்குள் குனிந்து பார்த்தால் வெளியே பச்சையாகத் தெரிந்த கூரைக்கு அடியில் காய்ந்த குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும், வெளிச்சம் இருக்காது, தரையில் புல் ஒரு இதழ்கூட இருக்காது. இப்படிப்பட்ட புதருக்குள் ஊர்ந்து போய்த் தண்டு தண்டாக எண்ண வேண்டும். பக்கத்தில் யானை நின்றால்கூடத் தெரியாது.

எண்ணி முடித்ததும் கிடைத்தது இதுதான்: 1997ல் 20 தண்டுகளில் ஒன்று உண்ணியாக இருந்தது, 2008ல் மூன்றில் ஒன்று உண்ணி. அது கால் வைத்திருந்த துண்டுகளின் எண்ணிக்கையும் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. உண்ணி பெருகிய இடங்களில் நாட்டு மரங்களின் வகை குறைந்திருந்தது. அதிலும் சிறு மரங்களும் இளங்கன்றுகளும்தான் அதிகம் குறைந்திருந்தன.

இந்தக் கடைசி வரியில்தான் என் கவலை. பெரிய மரங்கள் அப்படியே நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் காடு பசேல் என்று இருக்கும், செயற்கைக்கோள் படத்திலும் அப்படித்தான் தெரியும். ஆனால் இன்றைய கிழட்டு வெக்காலி விழும்போது அந்த இடத்தை நிரப்ப வேண்டிய பிள்ளை வெக்காலி கீழே இல்லை. தாத்தாக்களும் பாட்டிகளும் மட்டும் மிஞ்சி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே இல்லாத ஊர் போல ஆகிவிடுகிறது காடு.

பறவையும் விதையும்

உண்ணி எப்படிப் பரவுகிறது என்பதில் ஒரு பாதி எளிது. ஈரம் இருந்தால் வருடம் முழுக்கப் பூக்கும். பூ மலரும்போது மஞ்சள், மகரந்தம் சேர்ந்ததும் நிறம் மாறும். தேன் இன்னும் இருக்கிற பூ எது, முடிந்துபோன பூ எது என்று பட்டாம்பூச்சிக்கு அந்த நிறமே சொல்லிவிடும். கொத்துக் கொத்தாய்க் காய்த்து, பச்சை கறுத்துப் பழுக்கும். கொண்டைக்குருவியும் மைனாவும் தின்றுவிட்டுப் பக்கத்து மரத்தில் போய் உட்கார்ந்து எச்சமிடும். அடுத்த மழைக்கு அந்த மரத்தடியில் நாற்றங்கால் போட்டது போல உண்ணிக் கன்று முளைத்திருக்கும்.

அதனால் ஒரு இடத்தைச் சுத்தமாக வெட்டி எடுத்தாலும் பக்கத்து மேட்டில் புதர் பழுத்து நின்றால் பறவை விதையைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். மண்ணுக்குள் ஏற்கெனவே விழுந்து கிடக்கும் விதையும் வருடக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். மேல்தண்டை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்துத் துளிர் கிளம்பும். மாடும் மானும் கடித்துக் குறைத்துவிடும் என்று நம்பவும் வழியில்லை. இலையில் இருக்கும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், தின்ற மாட்டுக்கு வெயில் பட்ட தோல் வெந்தது போலப் புண்ணாகும். ஆக, பக்கத்தில் இருக்கும் புல்லை, இளம் மரத்தை எல்லாம் விலங்குகள் கடிக்கும், உண்ணியை விட்டுவைக்கும். மேய்ச்சல் அதிகமான காட்டில் உண்ணி வேகமாகப் பெருகுவதற்கு இது ஒன்றே போதும்.

வெளிச்சம் மட்டும்தான் இதற்குத் தேவை. அடர்ந்த சோலைக்குள் அவ்வளவாக நுழையாது. மரம் வெட்டிய இடம், சாலை ஓரம், இலையுதிர் காட்டில் கோடையில் திறந்துகொள்ளும் வானம், இவைதான் அதற்கு வாசல்.

தீயைப் பற்றிய வழக்கு

சரி, விதையும் பறவையும் வெளிச்சமும் நூறு வருடத்துக்கு முன்னாலும் இருந்தனவே. கடந்த சில பத்தாண்டுகளில் மட்டும் ஏன் இந்தப் பாய்ச்சல்?

2005ல் ஹிரேமத்தும் சுந்தரமும் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். தீயும் உண்ணியும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பது அதன் சாரம். காடு எரிந்தால் நாட்டுச் செடிகள் சாகும், வெளிச்சம் கிடைக்கும், உண்ணி அடிக்கட்டையிலிருந்து முதலில் துளிர்த்து இடத்தைப் பிடிக்கும். அடுத்த கோடையில் அதன் காய்ந்த தண்டுகளே விறகாகும், தீ இன்னும் உக்கிரமாகும், உண்ணி இன்னும் பெருகும். தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் தீயை அடியோடு தடுக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

எனக்கு இந்த ஆய்வில் பிடித்த இடமே இதற்கு அடுத்ததுதான். எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தக் குழுவினர் சோளகப் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டார்கள்: இது எப்போது பெருகியது, ஏன் பெருகியது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? சோளகர்கள் சொன்னது ஏறத்தாழ நேர்மாறாக இருந்தது. தீயை நிறுத்தியதால்தான் உண்ணி வந்தது என்றார்கள்.

அவர்கள் சொன்ன தீக்கு ஒரு பெயர் உண்டு, தரகு பெங்கி. நாம் சருகு என்பதை அவர்கள் தரகு என்கிறார்கள், பெங்கி என்றால் தீ. சருகுத் தீ. பனி முழுதும் விலகாத தை மாத வாக்கில், புல் பாதி பச்சையும் பாதி காய்ந்ததுமாக இருக்கும்போது வைப்பது. அந்தத் தீ கணுக்கால் உயரத்துக்கு மேல் எழும்பாது. தரையில் மெதுவாக நகர்ந்துபோய், ஈரமான இடம் வந்ததும் தானாக அணையும். பாதை தெரிவதற்கும், புதுப்புல் வருவதற்கும், காய்கனி பொறுக்குவதற்கும் வருடா வருடம் வைத்துவந்தார்கள். பெரிய மரத்தின் பட்டைக்கு இந்தத் தீயால் ஒன்றும் ஆகாது. ஆனால் போன மழையில் முளைத்த விரலளவு உண்ணிக் கன்று அதில் கருகிவிடும். விதையும் வெந்துபோகும்.

சரணாலயம் வந்ததும் இது நின்றது. கருகியிருக்க வேண்டிய கன்றுகள் பிழைத்தன. இரண்டு வருடத்தில் அடிக்கட்டை பருத்தது. அதற்குப் பிறகு எந்தத் தீ வந்தாலும் மேலே எரியும், கீழேயிருந்து துளிர்க்கும். அதோடு, வருடக்கணக்கில் சேர்ந்த சருகும் ஆள் உயர உண்ணிக் குச்சியும் சேர்ந்து பங்குனி வெயிலில் பற்றினால், அது கணுக்காலோடு நிற்காது. புதரைப் படிக்கட்டாகப் பிடித்து மரத்தின் தலைக்கே ஏறும்.

இரண்டு தரப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முரண்பாடு கரைந்துவிடுகிறது. அறிவியலார் சொன்ன தீ வேறு, சோளகர் சொன்ன தீ வேறு. தை மாதத் தீ கன்றைக் கொல்லும், பங்குனித் தீ முதிர்ந்த புதருக்கு இடம் ஒதுக்கித் தரும். எப்போது எரிந்தது, எவ்வளவு சூட்டில் எரிந்தது, அப்போது உண்ணி எந்த வயதில் இருந்தது என்று கேட்காமல் 'தீ நல்லதா கெட்டதா' என்று மட்டும் கேட்டால் தப்பான விடைதான் கிடைக்கும். இந்த உரையாடலை அந்தக் குழுவினர் 2012ல் கட்டுரையாகவே வெளியிட்டு, சோளகர் அறிவு தங்கள் கருதுகோளை எங்கே திருத்துகிறது என்று வெளிப்படையாக எழுதினார்கள். தான் முன்வைத்த கருத்தைத் தானே திருத்தி எழுதுவதற்கு ஒரு மனசு வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் மறுபடியும் தீ வைத்துவிட்டால் போதுமே' என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. சோளகர்களே அதைச் சொல்வதில்லை. இன்றைக்கு அங்கே தீ வைத்தால் தரகு பெங்கி வராது, காட்டுத்தீதான் வரும். முதலில் உண்ணியை எடுத்து, புல் திரும்பி வந்த பிறகுதான் அந்தப் பேச்சுக்கே இடமிருக்கிறது.

நெல்லி மரத்தின் சாட்சி

இன்னொரு சிறிய வழக்கும் இதோடு ஒட்டியிருக்கிறது. 2000களின் நடுவில் காட்டுப் பொருள் சேகரிப்புக்கே தடை வந்தது. நெல்லிக்காய் பறித்துப் பறித்து மரமே அற்றுப்போகிறது என்ற அச்சமும் அதற்குப் பின்னால் இருந்தது. ஆனால் அந்த மலையின் இரண்டு வகை நெல்லி மரங்களையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் கண்டது வேறு. பறிப்பதைவிட மரங்களை அதிகம் வாட்டியது கிளைகளில் ஏறிய புல்லுருவி. உண்ணியும் தன் பங்குக்குக் கெடுத்தது. புல்லுருவி பெருகியதற்கும் சருகுத் தீ நின்றதுதான் காரணம் என்பது சோளகர் கணிப்பு. பழியைச் சுமந்தவர்கள் பொறுக்கியவர்கள். 2011ல் வன உரிமைச் சட்டத்தின்படி சோளகர்களின் சமூக வன உரிமை அங்கீகரிக்கப்பட்டது. இந்தியப் புலிகள் காப்பகங்களில் அதுதான் முதல்முறை.

பிடுங்குவது எப்படி

தண்டை வெட்டினால் துளிர்க்கும், எரித்தால் துளிர்க்கும், மருந்தடித்தால் பக்கத்துச் செடியும் சாகும். பூச்சியை விட்டு அழிக்கலாம் என்றும் முயன்றார்கள். ஹவாயில் 1902லேயே மெக்சிகோவிலிருந்து உண்ணியைத் தின்னும் பூச்சிகளை வரவழைத்தார்கள், களையைப் பூச்சியால் கட்டுப்படுத்தும் முயற்சிகளில் உலகிலேயே முன்னோடி அது. இந்தியாவிலும் பூச்சிகள் வந்தன. செடி அசையவில்லை. ஆஸ்திரேலியா, இந்தியா, தென்னாப்பிரிக்கா மூன்றின் இருநூறாண்டு அனுபவத்தை 2012ல் திரும்பிப் பார்த்த ஓர் ஆய்வு, அடியோடு ஒழிப்பது என்ற போர் தோற்றுவிட்டது என்ற முடிவுக்கு ஏறத்தாழ வந்தேவிட்டது.

எனக்கு நம்பிக்கை தரும் முறை டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபு குழுவினர் உத்தராகண்டின் கார்பெட் காட்டில் செய்து காட்டியது. அதன் அழகு அதன் எளிமைதான். உண்ணியின் தண்டும் வேரும் சேரும் இடத்தில்தான் துளிர்க்கும் மொட்டுகள் இருக்கின்றன. அதற்குக் கீழே, மண்ணுக்குள் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணிவேரைக் கொத்தி அறுத்துவிட்டால் மிச்ச வேர் துளிர்க்காது. அறுத்த புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். மண்ணைத் தொட்டால் மறுபடி வேர் பிடிக்கும், கவிழ்த்தால் வெயிலில் காய்ந்துபோகும். குழி தோண்ட வேண்டியதில்லை, மண் கலையாது, கலையாததால் உள்ளே உறங்கும் விதைகளும் கிளறப்படாது. நீண்ட கைப்பிடி வைத்த ஒரு மண்வெட்டி போதும்.

அடுத்த கட்டத்தைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். மழை விழுந்ததும் திரும்பி வந்து, பறவை உட்காரும் மரங்களின் அடியையும் ஓடைக் கரையையும் பார்த்து முளைத்த கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும். கூடவே நாட்டுப் புல் விதைக்க வேண்டும். விதைக்காமல் வெறுந்தரையாக விட்டால் பார்த்தீனியமோ வேறொன்றோ வந்து உட்காரும். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் இப்போது மஞ்சக்கொன்னை என்ற இன்னொரு தென்னமெரிக்க மரம் அப்படித்தான் அலையாக எழுந்து நிற்கிறது. நிழலுக்கும் அழகுக்கும் நட்டது, வெட்டினால் கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்ப்பது, கதை அதேதான். அந்த மரத்தைக் காகித ஆலைக்கு அனுப்பும் வேலையைத் தமிழக அரசு தொடங்கியிருக்கிறது.

உண்ணித் தண்டை வேகவைத்து, பட்டை உரித்து, நாற்காலியும் கூடையும் செய்யும் வேலை மாதேஸ்வரன் மலையில் நடக்கிறது. நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் உண்ணியில் முழு உருவ யானைகளைச் செய்தார்கள், 2021ல் லண்டன் பூங்காக்களில் அப்படி நூறு யானைக்கு மேல் நின்றன. கைக்கு வருமானம் தரும் நல்ல வேலை, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இதனால் உண்ணி குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாற்காலிக்கு வேண்டியது முதிர்ந்த நேரான தண்டு, காட்டுக்கு வேண்டியது வேர் அறுவது. இந்திய வன உயிரின நிறுவனத்தினர் 2020ல் வெளியிட்ட கணக்குப்படி உண்ணி பிடித்திருக்கும் காடு 1,54,000 சதுர கிலோமீட்டர், நாட்டின் புலி வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கும் மேல். அவ்வளவு நாற்காலியை எங்கே போடுவது?

அந்தப் பரப்பு முழுவதையும் எடுக்க முடியாது. எங்கே தொடங்குவது என்பதுதான் கேள்வி. பழைய, அடர்ந்த, சாலையோரப் புதரைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள், அதிகாரி வண்டியில் வரும்போது அதுதான் கண்ணில் படும். அங்கே வேலையும் அதிகம், பக்கத்திலிருந்து விதையும் வந்துகொண்டே இருக்கும். நான் மாறாகத்தான் நினைக்கிறேன். உண்ணி இப்போதுதான் கால் வைத்திருக்கும் உள்காட்டிலிருந்து, இன்னும் புல்லும் நெல்லிக் கன்றும் மிஞ்சியிருக்கும் இடத்திலிருந்து தொடங்கி வெளியே வர வேண்டும். 20 தண்டில் ஒன்று உண்ணியாக இருக்கும்போது இரண்டு பேர் ஒரு காலையில் முடிக்கும் வேலை, மூன்றில் ஒன்று ஆன பிறகு ஒரு ஊரே ஒரு பருவம் முழுக்கச் செய்ய வேண்டிய வேலை. எந்த மூலையில் இப்போது இருபதில் ஒன்றாக இருக்கிறது என்று அந்த மலையில் தினமும் நடப்பவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். வேட்டைத் தடுப்புக் காவலர்களில் எத்தனையோ பேர் சோளகர்கள்தான்.

முதல் மழை விழுந்து மூன்று வாரம் கழித்து, கொண்டைக்குருவி உட்காரும் ஒரு மரத்தடிக்குப் போய் அவர்களோடு குனிந்து பாருங்கள். கட்டைவிரல் உயரத்தில், ரம்பப்பல் ஓரமும் சொரசொரப்புமாக இரண்டு ஜோடி இலையோடு நிற்கும். ஈர மண்ணில் இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் நூல் போன்ற வேரோடு வந்துவிடும். முள் இன்னும் வந்திருக்காது. முகர்ந்து பார்த்தால் அந்த நெடி மட்டும் அப்போதே இருக்கும்.